ஃபைபர் கான்கிரீட்டும் நீராற்றலும்: இராமநாதபுரம் கடற்கரையில் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாகச் சாயல்குடி வரை கடலோரத்தில் வீடு, களம், படகுத்துறைத் தளம், கருவாட்டுத் தளம் என்று கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சிமெண்ட் கலவையோடு எஃகு, பாலிப்ரொப்பிலீன், கண்ணாடி அல்லது தாவர நார் போன்ற குட்டை இழைகளைக் கலந்து போடுவதே ஃபைபர் கான்கிரீட். போட்ட கான்கிரீட்டின் ஈரத்தையும் வெப்பத்தையும் சில நாள்கள் காத்துக் கொடுப்பது நீராற்றல். நம் மேஸ்திரிகள் இதைத்தான் க்யூரிங் என்றும் தண்ணீர் கட்டுவது என்றும் சொல்கிறார்கள்.

இழை கலந்துவிட்டோம். தண்ணீர் கட்டுவதைக் குறைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சொல்லப்போனால், இழை கலந்த கான்கிரீட்டுக்குச் சாதாரணக் கான்கிரீட்டைவிடக் கூடுதல் கவனத்தோடு தண்ணீர் கட்ட வேண்டும் என்பதே என் கருத்து. இழை என்பது விரிசல் விழுந்த பிறகு இரண்டு கரையையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பொருள். அது பிடித்துக்கொள்ள வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள சிமெண்ட் முதலில் அதைப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடிமானம் உருவாவது முதல் சில நாள்களில், ஈரம் இருந்தால் மட்டுமே. இழைக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குக் கணக்குப் பார்ப்பவர், கொடுத்த பணத்துக்கான பயனைத் தாமே விட்டுவிடுகிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. நீராற்றல் குறைந்தால் அதன் கேடு பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து 30 முதல் 50 மில்லிமீட்டர் ஆழம் வரைதான் செல்லும். ஓரடி கனமுள்ள தூணில் உள்பகுதி தப்பித்துக்கொள்ளும். இழைக் கான்கிரீட்டை நாம் பெரும்பாலும் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் கனத்தில் தளமாகவும் பலகையாகவும் போடுகிறோம். அங்கே கெடும் ஆழமும் மொத்தக் கனமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன.

இழைக்கும் சிமெண்டுக்கும் இடையில் அப்படி என்னதான் நடக்கிறது?

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். கடைகளில் கிடைக்கும் நுனி வளைந்த எஃகு இழை ஒன்று 60 மி.மீ. நீளமும் 0.75 மி.மீ. விட்டமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 0.2 கிராம். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் 25 கிலோ போட்டால் அதற்குள் சுமார் 1,20,000 இழைகள் இருக்கும். கொள்ளளவில் பார்த்தால் இது 0.32 சதவீதம்தான். விரிசல் ஒன்று இந்த இழைகளின் குறுக்கே எங்கே வேண்டுமானாலும் ஓடலாம் என்பதால், ஒவ்வோர் இழையிலும் விரிசலின் குட்டைப் பக்கத்தில் புதைந்திருக்கும் நீளம் சராசரியாக 15 மி.மீ. மட்டுமே. பாரம் ஏறும்போது அந்த 15 மில்லிமீட்டர்தான் இழை உருவிக்கொண்டு வராமல் தடுக்க வேண்டும். கம்பிக்கு நாம் கொடுக்கும் ஓரடி, இரண்டடி பிடிப்பு நீளத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், இழையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

பச்சைக் கலவையில் இழையைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. அந்த இடத்தில் சிமெண்ட் துகள்கள் நெருக்கமாக அடையாததால், கெட்டியான பிறகும் அது மற்ற இடங்களைவிடத் துளை மிகுந்த மெல்லிய உறையாகவே தொடங்குகிறது. சிமெண்டும் நீரும் தொடர்ந்து வினைபுரிந்தால் புதிதாக விளையும் பொருள்கள் அந்தத் துளைகளை நாளுக்கு நாள் அடைக்கும். உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். துளைகள் துளைகளாகவே தங்கிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். நன்றாக நீராற்றிய உத்தரத்தை உடைத்து, முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழை ஒன்றைக் குறடால் பிடித்துப் பாருங்கள்: வளைந்த நுனி நிமிர்ந்து போயிருக்கும், உடலெங்கும் சாம்பல் நிறப் பொருக்கு ஒட்டியிருக்கும். காய விட்ட உத்தரத்தில் சோற்றிலிருந்து முடியை உருவுவது போல இழை வந்துவிடும், பளபளப்பாகவும் இருக்கும். இரண்டிலும் ஒரே சிமெண்ட், ஒரே இழை, ஒரே அளவு. வேறுபாடு ஈரத்தில்தான் இருக்கிறது.

நீராற்றல் தவறினால் எந்த வலிமை அதிகம் குறைகிறது?

நசுக்கு வலிமை குறையும். தொடக்கத்திலிருந்தே வெறும் காற்றில் காய விட்ட கான்கிரீட், தொடர்ந்து ஈரத்தில் வைத்ததன் வலிமையில் பாதியை ஒட்டியே நின்றுவிடக்கூடும். ஆனால் வழக்கமான அளவில் போடும் இழை நசுக்கு வலிமையைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. எனவே கியூப், அதாவது சோதனைக்காக வார்க்கும் கான்கிரீட் கனசதுரத்தை, நசுக்கிப் பார்த்து இழை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியாது.

இழையைப் போடுவது வளைவு வலிமைக்காகவும், விரிசலுக்குப் பிறகும் தாங்கும் உரத்துக்காகவும். நீராற்றல் தவறும்போது பெரிதாக அடிபடுபவையும் இவையே. வளைவில் இழுவிசை அதிகபட்சமாக விழும் இடம் மேற்பரப்பு. சீக்கிரம் காய்ந்து சுருங்குவதும் மேற்பரப்பு. சுருக்கத்தால் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் தோலின் மேல் பாரத்தின் இழுவையும் சேரும்போது, அது எதிர்பார்த்ததைவிடக் குறைந்த பாரத்திலேயே பிளக்கிறது. மண் மேல் போடும் தளங்களில் இது இன்னும் மோசம். மேல்பக்கம் காய்ந்து சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும்; ஓரங்களும் மூலைகளும் அப்பளம் போல மேலே எழும்பும். மீன் பெட்டி ஏற்றிய வண்டி அந்த மூலையில் ஏறினால் தளத்தின் மேல்முகம்தான் இழுபடுகிறது. அங்கேதான் நாம் தண்ணீர் காட்டாமல் விட்டோம்.

கடலோரக் காற்று ஈரமானதுதானே? இங்கே கான்கிரீட் அவ்வளவு சீக்கிரம் காயுமா?

இந்த நம்பிக்கைதான் இந்தக் கரையில் அதிகத் தளங்களைக் கெடுத்திருக்கிறது என்பது என் அனுபவம். காற்றில் ஈரம் இருப்பது உண்மை. ஆனால் காற்று வீசுகிறதே!

பச்சைக் கான்கிரீட்டின் மேலிருந்து மணிக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ நீர் ஆவியாகும் நிலை வந்தால் விரிசலுக்கு அஞ்ச வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. கலவையும் காற்றும் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்து, இதற்கென்று உள்ள சூத்திரத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். காற்று மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் இருந்தால் ஆவியாவது கால் கிலோவுக்குச் சற்றே அதிகம். அதே ஈரப்பதத்தில் காற்று 30 கி.மீ. ஆனால் ஒரு கிலோவைத் தாண்டிவிடுகிறது. நான்கு அங்குலத் தளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாம் ஊற்றும் கலவை நீர் சுமார் 18 லிட்டர். அந்த வேகம் ஆறு மணி நேரம் நீடித்தால் மூன்றில் ஒரு பங்கு நீர் காற்றோடு போய்விடும். போகும் நீரில் பெரும்பகுதி மேல்தோலிலிருந்து போகும்.

ஆடி மாதத்தில் கச்சான் என்னும் மேல்காற்று வீசும்போது இந்தக் கரையில் 30 கி.மீ. ஒன்றும் பெரிய வேகமில்லை. நான் வேலைக்கு வந்த தொடக்கக் காலத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் கருவாடு காயப்போடும் தளம் ஒன்றை ஆடி மாதத்தில் போட்டோம். கனமீட்டருக்கு 900 கிராம் பாலிப்ரொப்பிலீன் இழை கலந்திருந்தோம். இழை இருக்கிறது, விரிசல் விழாது என்று ஒப்பந்தக்காரர் உறுதியாகச் சொன்னார், நானும் நம்பினேன். காலை பத்து மணிக்குப் போட்டு முடித்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தபோது காற்றின் திசைக்குக் குறுக்கே ஒரு முழம் நீளத்தில் வரிவரியாகக் கீறல்கள் ஓடியிருந்தன. விரல் நகம் நுழையும் அகலம். மேற்கு ஓரத்தில் மட்டும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஆடு நுழையாமல் கட்டியிருந்த பனையோலைத் தட்டி காற்றைத் தடுத்திருந்தது. அந்த வீட்டு ஆச்சி, “ஓலை மறைச்ச இடம் பொழச்சிருச்சு தம்பி” என்றார்கள். அதற்குப் பிறகு எந்தத் தளத்துக்கும் காற்று வரும் பக்கம் தட்டி கட்டாமல் நான் கலவை ஊற்ற விட்டதில்லை.

பாலிப்ரொப்பிலீன் இழை இந்தப் பச்சை விரிசலைக் குறைக்கும் என்பது மெய். விரிசலை நுண்மையாக்கும், அகலத்தைக் குறைக்கும். ஆவியாகிப் போகும் நீரை அதனால் நிறுத்த முடியாது.

போட்ட முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

மட்டப்பலகை இழுத்து முடித்த உடனே பாலித்தீன் தாளை விரித்து ஓரங்களில் செங்கல் வையுங்கள். காற்றுள்ள நாளில் தாள் பறக்கும். அதற்காக அதை விட்டுவிடக் கூடாது, நான்கு பக்கமும் பலகை போட்டு அழுத்த வேண்டும். மேற்பரப்பு விரல் பதியாத அளவுக்கு இறுகிய பிறகு நனைத்த சாக்கை விரித்து, அதன் மேல் மீண்டும் தாளைப் போடலாம். இறுகும் முன் குழாயால் தண்ணீர் பீச்சக் கூடாது. சிமெண்ட் பால் கழுவிக்கொண்டு போய் இழைகள் மேலே நீட்டிக்கொள்ளும்.

சாக்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தப் பக்கம் எளிதாகக் கிடைப்பவை உப்புச் சாக்கும் கருவாட்டுச் சாக்கும். இரண்டிலும் உப்பு ஊறியிருக்கும். சர்க்கரைச் சாக்கில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சிமெண்ட் இறுகுவதையே கெடுக்கும். எந்தச் சாக்கானாலும் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே விரிக்க வேண்டும்.

கடல் தண்ணீரையோ உப்புக் கிணற்று நீரையோ நீராற்றலுக்குப் பயன்படுத்தலாமா?

கடல் தண்ணீர் கூடவே கூடாது. கலவைக்கும் நீராற்றலுக்கும் கடல் நீர் பரிந்துரைக்கப்படவில்லை என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456:2000 நேரடியாகவே சொல்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டின் கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் வரம்பு. பொதுவாகக் கடல் நீரில் சுமார் 19,000 மில்லிகிராம் இருக்கிறது. வரம்பைப் போல 38 மடங்கு.

“கடல் தண்ணீரில் போட்ட கியூப் நன்றாகத்தானே தாங்கியது” என்று சிலர் சொல்வார்கள். முதல் சில நாள்களில் உப்பு சிமெண்டின் வினையை வேகப்படுத்துவதால் அப்படித் தோன்றுவது இயல்பு. கேடு நசுக்கு வலிமையில் உடனே தெரியாது. கம்பியிலும் எஃகு இழையிலும் துருவாகப் பின்னர் தெரியும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் எஃகை உப்புக்காற்று என்ன செய்தது என்பது இந்த மாவட்டத்தில் எல்லோரும் அறிந்ததே. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் பயன்படுத்தப்பட்டன.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பொறுத்தவரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே சரி. அவசரத்துக்கு நாக்கு ஓரளவு உதவும்: குளோரைடு 250 மில்லிகிராம் அளவை ஒட்டும்போதே நாக்கில் கரிப்புத் தட்டத் தொடங்கும். வாயில் வைத்தவுடன் முகம் சுளிக்க வைக்கும் தண்ணீரைக் கான்கிரீட்டுக்கும் காட்டாதீர்கள்.

லாரித் தண்ணீர் வாங்கித்தான் கட்டுகிறோம். பத்து நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த எங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய சீமையில் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. குடிக்கவே காவிரிக் கூட்டுக் குடிநீரையும் மணல் ஊற்றையும் நம்பியிருக்கும் ஊர்களில், பாத்தி கட்டித் தண்ணீரை வெயிலில் ஆவியாக்குவது எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது. நல்ல வேளையாக, நீராற்றலுக்குப் புதுத் தண்ணீரைவிட உள்ளே இருக்கும் தண்ணீரைப் போக விடாமல் காப்பதே முதன்மை. தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45 உள்ள கலவையில் சிமெண்ட் வினைபுரியத் தேவையான நீர் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காற்றுக்குக் கொடுக்காமல் மூடி வைத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது.

எனவே நனைத்த சாக்கு, அதன் மேல் தாள் என்ற முறையைக் கடைப்பிடியுங்கள். நாளுக்கு ஒரு முறை தாளைத் தூக்கிப் பார்த்துச் சாக்கு உலர்ந்த இடத்தில் மட்டும் தெளித்தால் போதும். பாத்தியில் செலவாவதில் சிறு பங்குதான் இதற்குச் செலவாகும். கடலுக்கு நேர் எதிரே உள்ள தளங்களில் இந்தத் தாள், காற்றில் வரும் உப்புத் தூறல் பச்சைக் கான்கிரீட்டில் படாமலும் காக்கிறது. பாத்தி முறையில் இந்த நன்மை கிடையாது.

தூண், சுவர் போன்ற செங்குத்துப் பரப்புகளுக்குச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டி, வெளியே தாளைச் சுற்றுங்கள். ஈரம் வெளியேறாமல் மேலே படலமாகத் தெளிக்கும் க்யூரிங் காம்பவுண்டும் பயன்படும். ஆனால் மேலே பூச்சோ டைல்ஸோ வரப்போகிற இடத்தில் அது பிடிப்பைக் கெடுக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளால் சொரசொரப்பான பரப்பில் ஒரு தடவை அடித்தால் இடைவெளி விழும். முதல் தடவைக்குக் குறுக்காக இரண்டாம் தடவையும் அடிக்க வேண்டும்.

எத்தனை நாள் காக்க வேண்டும்?

ஐ.எஸ். 456 கூறும் குறைந்தபட்சம் ஓ.பி.சி. எனும் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு 7 நாள். வெயிலும் வறட்சியும் உள்ள சூழலில் 10 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி., இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட் போன்ற கலப்புச் சிமெண்டுகளுக்குக் குறைந்தது 10 நாள், அதை 14 நாளாக நீட்டிப்பது நல்லது என்கிறது. இன்று கடைகளில் நாம் வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை பி.பி.சி. என்பதால் இந்தக் கரையில் 14 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கலப்புச் சிமெண்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். உப்பு உள்ளே நுழைவதைத் தடுப்பதில் அது ஓ.பி.சி.யைவிட மேலானது, இழையைச் சுற்றியுள்ள துளைகளையும் நன்றாக அடைக்கும். ஆனால் அது மெதுவாக வேலை செய்கிறது. மெதுவாக வேலை செய்கிறவனுக்கு நான்காம் நாளே தண்ணீரை நிறுத்தினால் அவன் வேலை பாதியில் நின்றுவிடும்.

காலையும் மாலையும் ஒரு முறை தண்ணீர் அடிக்கிறோமே, போதாதா?

போதாது. காலை எட்டு மணிக்கு அடித்த தண்ணீர் பத்து மணிக்குள் காய்ந்துவிடுகிறது. மாலை வரை தளம் சுடுகிறது. நனைந்து விரிவதும் காய்ந்து சுருங்குவதும் மாறி மாறி நடப்பதால் மேல்தோலில் வலைப்பின்னல் போன்ற நுண்விரிசல்கள் விழுகின்றன. இழையின் பிடிமானமும் ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தளர்கிறது. வெயிலில் கொதிக்கும் தளத்தில் குளிர்ந்த கிணற்று நீரைச் சடாரென்று ஊற்றுவதும் தீங்கே. நண்பகலில் ஊற்ற வேண்டி வந்தால், தொட்டியில் நின்று வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் போட்டால் கான்கிரீட் சீக்கிரம் இறுகுகிறது. அது நல்லதில்லையா?

மூன்றாம் நாள் பார்த்தால் நல்லதாகத்தான் தெரியும். அதிக வெப்பத்தில் சிமெண்ட் வேகமாக வினைபுரிந்து, ஒவ்வொரு துகளையும் சுற்றிக் கெட்டியான உறையை உண்டாக்கிவிடுகிறது. பிறகு நீர் உள்ளே செல்ல வழியில்லை. விளைபொருளும் சீராகப் பரவுவதில்லை. அதனால் வெயிலில் பிறந்த கான்கிரீட் முதல் வாரம் முந்திக்கொண்டு ஓடி, 28 நாளில் மிதமான வெப்பத்தில் வளர்ந்ததைவிடப் பின்தங்கிவிடுகிறது.

மே மாதத்தில் கலவையை மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்குங்கள். ஜல்லியை முன்பே நனைத்து நிழலில் வையுங்கள். எஃகு இழை மூட்டையை வெயிலில் கிடக்க விடாதீர்கள். இழை போட்டதும் கலவை விறைப்பாகும். சித்தாள் ஒரு வாளித் தண்ணீரைச் சேர்த்து இளக்கப் பார்ப்பார். அந்த ஒரு வாளி செய்யும் கேட்டை 14 நாள் நீராற்றினாலும் சரிசெய்ய முடியாது. இளக்கத்துக்கு, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் மருந்து இருக்கிறது.

மூன்று நாள் தண்ணீர் காட்டாமல் விட்டுவிட்டோம். இனிமேல் காட்டினால் வலிமை திரும்புமா?

ஓரளவு திரும்பும். நின்றுபோன வினை ஈரம் கிடைத்ததும் மீண்டும் தொடங்கும். எனவே தெரிந்த நேரத்திலேயே நனைத்து மூடுங்கள், இழந்த நாள்களையும் சேர்த்துக் காக்கப் பாருங்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்த சுருக்க விரிசலும், அந்த விரிசலில் இழை விட்டுக்கொடுத்த பிடிமானமும் தண்ணீரால் முழுமையாகத் திரும்புவதில்லை.

இழையின் வகைக்கேற்ப நீராற்றல் மாறுமா?

எஃகு இழைக்கு நல்ல தண்ணீரும் நீண்ட நாளும் வேண்டும். விரிசலில்லாத, நன்றாக நீராற்றிய கான்கிரீட்டில் துரு மேற்பரப்பின் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும்; செம்புள்ளிகள் தோன்றும், வலிமை கெடாது. விரிசல் அகன்றால் கதை வேறு. முக்கால் மில்லிமீட்டர் கம்பியில் துரு தின்பதற்கு அதிகம் இல்லை. ஆகவே கடலோரத்தில் எஃகு இழையின் ஆயுளை முதல் நாளில் விரிசல் விழாமல் காப்பதுதான் தீர்மானிக்கிறது. அலைத் தூறல் படும் இடத்தில் துத்தநாகம் பூசிய இழையையோ, கனத்த பாலிப்ரொப்பிலீன் இழையையோதான் நான் விரும்புவேன்.

பாலிப்ரொப்பிலீனுக்குத் துருவில்லை. அது சிமெண்டோடு வேதியியல் முறையில் ஒட்டுவதுமில்லை. அதன் பிடிமானம் முழுவதும் சுற்றியுள்ள சிமெண்டின் இறுக்கத்தையும் இழையின் நெளிவையும் சார்ந்தது. அதனால் நீராற்றல் குறைந்தால் முதலில் வழுக்குவது இதுவே.

கண்ணாடி இழையில் ஒரு முரண் உண்டு. சாதாரணக் கண்ணாடியைச் சிமெண்டின் காரம் அரித்துவிடும். அதனால் ஜிர்கோனியா கலந்த காரந்தாங்கும் கண்ணாடியே கான்கிரீட்டுக்கு உகந்தது. அதுவும் ஆண்டுக்கணக்கில் சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மெல்ல நொறுங்கும் தன்மை அடையும். இதைக் காரணம் காட்டி முதல் வார ஈரத்தைத் தவிர்க்கக் கூடாது.

பனந்தும்பும் தேங்காய் நாரும் நம் ஊர்ப் பொருள்கள். இவற்றைப் பற்றி ஆர்வத்தோடு கேட்பவர்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. தாவர நார் தண்ணீரைக் குடித்துப் பருக்கும், காய்ந்தால் இளைக்கும். உலர்ந்த நாரைப் போட்டால் கலவை நீரைக் குடித்துவிடும். எனவே ஓரிரவு ஊறவைத்து, நீர் வடித்துக் கலக்க வேண்டும். சட்டென்று காய விட்டால் நார் இளைத்துச் சுற்றிலும் இடைவெளி விழும், பிடிமானம் போய்விடும். ஆகவே 14 நாள் ஈரத்தில் வைத்துப் பிறகு நிழலில் மெதுவாக உலர விடுங்கள். சிமெண்டின் காரம் நாரைக் காலப்போக்கில் தின்னும் என்பதால் பாரம் தாங்கும் உறுப்புகளில் இதை நம்ப வேண்டாம். தோட்டத்துப் பலகை, சுற்றுச்சுவர் மேல்மூடி போன்றவற்றுக்குப் பொருந்தும்.

நீராவியில் நீராற்றிய பிரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்தெடுத்த) பொருள்களுக்குத் தண்ணீர் வேண்டாமா?

நீராவி முதல் நாள் வலிமையைத் தரும். வார்ப்பை விரைவில் கழற்றலாம். அதற்கு முன் சில மணி நேரம் சும்மா விட்டு, வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி, 70 டிகிரியைத் தாண்டாமல் வைத்திருக்க வேண்டும். தாண்டினால் பின்னாளில் உள்ளுக்குள்ளேயே வீங்கி வெடிக்கும் ஆபத்து உண்டு. வெளியே எடுத்த சூடான பலகையைக் காற்றில் அடுக்கி வைக்காமல், மூடி ஆறவிட்டு, மேலும் சில நாள் ஈரத்தில் வையுங்கள்.

நீராற்றல் சரியாக நடந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

ஆய்வுக்கூடத் தொட்டியில் 27 டிகிரி நீரில் 28 நாள் வைத்து நசுக்கும் 150 மி.மீ. கியூப், கலவை சரியா என்பதைச் சொல்லும். உங்கள் தளம் எப்படி வளர்ந்தது என்பதை அது சொல்லாது. கூடவே சில மாதிரிகளைத் தளத்துக்குப் பக்கத்திலேயே, அதே சாக்கு, அதே தாளின் கீழ் வைத்து 28 ஆம் நாள் ஒப்பிடுங்கள். இடைவெளி எவ்வளவோ அவ்வளவு உங்கள் நீராற்றலின் குறை.

இழைக் கான்கிரீட்டுக்குக் கியூபோடு 150 × 150 × 700 மி.மீ. உத்தரமும் வார்க்க வேண்டும். சோதிக்கும் நிமிடம் வரை அதை ஈரமாகவே வைத்திருங்கள். அரை நாள் வெளியே காய்ந்த உத்தரம் வளைவில் குறைவாகக் காட்டும். காய்ந்த கியூபோ நசுக்கலில் சற்றுக் கூடுதலாகக் காட்டும். இரண்டு பொய்யும் எதிரெதிர்த் திசையில் போவதால் அறிக்கையைப் படிப்பவர் குழம்பிவிடுவார். உடைந்த முகத்தில் இழைகளை எண்ணுங்கள், எத்தனை உருவி வந்தன, எத்தனை அறுந்தன, ஒட்டியிருப்பது பொருக்கா வெறும் பளபளப்பா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தளத்திலேயே செய்யக்கூடியது ஒன்று. இரண்டு வாரம் முடிந்து, தளம் நன்றாக உலர்ந்த ஒரு காலையில் மேற்பரப்பை ஆணியால் கீறுங்கள். மாவு உதிர்ந்தால் தோல் வேகவில்லை. பிறகு நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, காற்று வந்த பக்கத்தில் ஒன்று என்று மூன்று இடங்களில் சொட்டு நீர் விடுங்கள். நன்றாக நீராற்றிய இடத்தில் துளி உருண்டு நிற்கும். காய்ந்த இடத்தில் கண்முன்னே உறிஞ்சப்பட்டு ஈரத்தடம் மட்டும் மிஞ்சும். உறிஞ்சும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, சாக்கையும் தாளையும் முதலில் அங்கே கொண்டு போங்கள்.